பனிமலையில் பெருங்காயம்

சாம்பாருக்கு மணம் தரும் பிசின் இந்திய மண்ணில் விளைந்ததே இல்லை. லாஹௌல் பள்ளத்தாக்கு அந்தக் கதையை மாற்றப் பார்க்கிறது. சிக்கல் ஒன்றுதான்: காலிஃபிளவர் சில மாதங்களில் காசாகிவிடும், பெருங்காயத்துக்கு ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

மணாலியிலிருந்து கிளம்பும் ஜீப் தேவதாரு மரங்களின் நிழலில் சோலாங் பள்ளத்தாக்கைக் கடந்து மலையின் வயிற்றுக்குள் நுழைகிறது. 9.02 கி.மீ. நீளச் சுரங்கப்பாதை. கால் மணி நேரத்துக்குள் மறுபக்கம். வெளியே வந்ததும் யாரோ திரையை மாற்றிவிட்டது போலிருக்கிறது. தெற்கே விட்டு வந்த பச்சை இங்கே இல்லை. மொட்டை மலைகள், சரிந்து கிடக்கும் கற்குவியல்கள், கீழே சாம்பல் நிறத்தில் ஓடும் சந்திரா நதி. மழைமேகங்கள் பீர் பஞ்சால் மலைத்தொடரின் அந்தப் பக்கத்திலேயே பெரும்பாலும் பெய்து தீர்ந்துவிடுகின்றன. இந்தப் பக்கம் வருவது பனிதான்.

இதுதான் லாஹௌல். ஹிமாசலப் பிரதேசத்தின் லாஹௌல்-ஸ்பிதி மாவட்டத்தின் மேற்குப் பாதி. 3,978 மீட்டர் உயர ரோதாங் கணவாய் ஒன்றே வாசலாக இருந்த காலத்தில், ஆண்டில் ஏறக்குறைய ஆறு மாதம் இந்த வாசல் பனியால் அடைபட்டுக் கிடக்கும். நோயாளியை வெளியே கொண்டுபோக ஹெலிகாப்டருக்குக் காத்திருக்க வேண்டும். 2020 அக்டோபர் 3ஆம் தேதி அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டபோது அந்தச் சிறைவாசம் முடிந்தது. பிரதமர் வந்தார், டி.வி. கேமராக்கள் வந்தன, நாடே பார்த்தது.

சரியாக 12 நாள் கழித்து, அக்டோபர் 15ஆம் தேதி, இதே பள்ளத்தாக்கின் க்வாரிங் கிராமத்தில் இன்னொரு விழா நடந்தது. இதில் கூட்டமில்லை. பாலம்பூரில் உள்ள இமாலய உயிரிவளத் தொழில்நுட்ப நிறுவனத்தின் அப்போதைய இயக்குநர் சஞ்சய் குமார் ஒரு விவசாயியின் வயலில் ஒரு நாற்றை நட்டார். பார்வைக்குக் கேரட் நாற்றைப் போன்ற ஒன்று. அதுதான் இந்திய விவசாயி ஒருவரின் நிலத்தில் நடப்பட்ட முதல் பெருங்காயச் செடி.

ஆக, லாஹௌலுக்கு ஒரே மாதத்தில் இரண்டு விருந்தாளிகள். ஒன்று, நாட்டின் மிக வேகமான மலைப்பாதைகளில் ஒன்று. மற்றது, ஒரு விவசாயி வைக்கக்கூடிய மிக மெதுவான பயிர்களில் ஒன்று. இரண்டும் ஒரே வீட்டில் எப்படிக் குடித்தனம் நடத்தப் போகின்றன என்பதுதான் இப்போதைய கேள்வி.

அஞ்சறைப் பெட்டியின் அந்நியன்

தமிழ் வீட்டு அஞ்சறைப் பெட்டியைத் திறந்தால் ஒரு குடும்பமே உள்ளே உட்கார்ந்திருக்கும். கொத்துமல்லி, சீரகம், சோம்பு எல்லாம் தாவரவியல்படி ஒரே வம்சம். ஓமமும் சதகுப்பையும் அதே வம்சம். காய்கறிக் கூடையில் இருக்கும் கேரட்டும், ஓட்டல் சூப்பில் மிதக்கும் செலரியும் பங்காளிகள். குடையை விரித்தாற்போலப் பூங்கொத்து விரிவது இவற்றின் குடும்ப அடையாளம். பெட்டிக்கு வெளியே, தனி டப்பாவில், மூடி இறுக்கி வைக்கப்பட்டிருக்கும் பெருங்காயமும் இந்த வம்சம்தான். தள்ளி வைத்ததற்குக் காரணம் அதன் வாசனை. உள்ளிருக்கும் கந்தகச் சேர்மங்களின் வேலை அது. லத்தீன் பெயரிலேயே நாற்றம் என்ற சொல்லைச் சேர்த்துவிட்டார்கள் ஐரோப்பியர்கள். ஜெர்மானியர் ஒருபடி மேலே போய்ச் சாத்தானின் சாணம் என்று பெயர் வைத்தனர். இந்தியனுக்கோ அது எண்ணெயில் பொரிந்தால் போதும், பசி எடுத்துவிடும்.

உலகில் பெருங்காயத்தை அதிகம் தின்று தீர்ப்பது இந்தியா. வெங்காயமும் பூண்டும் சேர்க்காத சமையலில் அவற்றின் இடத்தை நிரப்புவது இதுதான். ரசத்துக்கும் மோருக்கும் கோயில் புளியோதரைக்கும் இது வேண்டும். வயிறு உப்பினால் பாட்டி தேடுவதும் இதைத்தான். சரக சம்ஹிதை பேசும் மருந்துகளில் இங்குவும் ஒன்று. மலையாளத்தில் காயம், தெலுங்கில் இங்குவ, இந்தியில் ஹீங். பெயர் மாறினாலும் டப்பா மாறுவதில்லை. செல்வம் போன பிறகும் பழைய பெருமை மட்டும் மிஞ்சியிருக்கும் குடும்பத்தைப் பெருங்காயம் இருந்த பாண்டம் என்று சொல்லும் அளவுக்கு இந்தச் சரக்கு தமிழோடு கலந்துவிட்டது.

இவ்வளவு சொந்தம் கொண்டாடியும் அதில் ஒரு கிராம்கூட இங்கே விளைந்ததல்ல. ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தான் ஆகிய நாடுகளின் வறண்ட மலைச்சரிவுகளில் வளரும் செடியின் வேரிலிருந்து வடியும் பால் அது. லாஹௌலில் நாற்று நட்ட சமயத்தில் அரசுத் தரப்பு சொன்ன கணக்குப்படி, ஆண்டுக்குச் சுமார் 1,200 டன் கச்சாப் பெருங்காயம் இறக்குமதி ஆகிறது. செலவு ஏறக்குறைய 10 கோடி டாலர். வகுத்துப் பார்த்தால் கிலோவுக்கு 80 டாலருக்கு மேல்.

வந்திறங்கும் பிசினை அப்படியே சமையலில் போட முடியாது, காரம் தாங்காது. மாவும் வேலம்பிசினும் சேர்த்துக் கூட்டுப் பெருங்காயமாக ஆக்குவது இந்தியாவில் நடக்கும் தொழில். உத்தரப் பிரதேசத்தின் ஹாத்ரஸ் நகரம் இதில் பேர்போனது. ஹாத்ரஸ் பெருங்காயத்துக்கு 2023ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மும்பையில் 1894ல் தொடங்கிய லால்ஜி கோது நிறுவனத்தின் எல்ஜி டப்பா தமிழ் வீடுகளில் பரம்பரைச் சொத்து மாதிரி. பெயர், பக்குவம், வியாபாரம், நாக்கு எல்லாம் இந்தியாவுடையவை. வேர் மட்டும் வெளிநாடு. 2021 ஆகஸ்டில் காபூல் தாலிபான் கைக்குப் போனபோது இந்திய மசாலா மண்டிகள் விலை ஏறுமோ என்று கவலைப்பட்டதற்குக் காரணம் இதுதான்.

கேரட் சொல்லும் பாடம்

பெருங்காயச் செடியைப் புரிந்துகொள்ள ஊட்டிக் கேரட்டைப் பார்த்தால் போதும். கேரட் உண்மையில் இரண்டாண்டுச் செடி. முதல் ஆண்டு இலையை விட்டு, வெயிலில் சமைத்த உணவையெல்லாம் வேரில் சேமிக்கும். குளிரைத் தாண்டியபின் இரண்டாம் ஆண்டு அந்தச் சேமிப்பை எடுத்துத் தண்டு வளர்த்து, பூத்து, விதை தந்துவிட்டுச் செத்துப்போகும். நீலகிரி விவசாயி அதை இரண்டாம் ஆண்டு பார்க்க விடுவதில்லை. சேமிப்பு நிறைந்ததும் வேரைப் பிடுங்கிச் சந்தைக்கு அனுப்பிவிடுகிறார்.

பெருங்காயம் இதே உபாயத்தை ஐந்து ஆண்டுக்கு நீட்டியிருக்கிறது. ஒவ்வொரு வசந்தத்திலும் நுணுக்கமாகப் பிளந்த இலைகளைத் தரையோடு விரிக்கும். பருவம் முடிந்ததும் மேலே இருப்பதெல்லாம் காய்ந்து மறையும். அப்போது பார்ப்பவருக்கு வயல் காலியாகத்தான் தெரியும். மண்ணுக்குள் வேர் மட்டும் பருத்துக்கொண்டிருக்கும். ஏறக்குறைய ஐந்தாம் ஆண்டில் ஒரு நாள் ஆளுயரத்துக்குத் தண்டு கிளம்பி மஞ்சள் குடைகளாகப் பூக்கும். வாழ்நாளில் ஒரே ஒரு முறை. அதோடு செடியின் கதை முடிந்தது.

பிசின் எடுப்பவர் அந்தப் பூவுக்குக் காத்திருக்க முடியாது. பூக்கப்போகும் தறுவாயில் வேரின் தலையைச் சுற்றி மண்ணை விலக்கி, தண்டை அடியோடு வெட்டுகிறார்கள். வெட்டுவாயில் பால் கசியும். வெயில் படாமல் சுள்ளியும் மண்ணும் கொண்டு மூடிவைத்து, சில நாள் கழித்து உறைந்த பிசினைச் சுரண்டி எடுக்கிறார்கள். பிறகு வேரை மெல்லியதாக ஒரு சீவு, மறுபடி கசிவு, மறுபடி சுரண்டல். வேர் வற்றும்வரை சுமார் மூன்று மாதம் இது நடக்கும். பால் நின்றதும் செடி செத்திருக்கும். பனைமரத்தில் பாளை சீவுவது போன்ற வேலைதான். பனை அடுத்த ஆண்டும் பாளை விடும். பெருங்காயத்துக்கு அடுத்த ஆண்டு கிடையாது.

ஈரானிலிருந்து வந்த விதை

இந்தியாவில் ஏன் இவ்வளவு காலம் யாரும் பயிரிடவில்லை? இமயமலையில் பெருங்காயத்தின் உறவுச் செடிகள் இல்லாமல் இல்லை. காஷ்மீரிலும் லடாக்கிலும் ஒரு வகை, ஹிமாசலத்தின் சம்பா பகுதியில் இன்னொரு வகை காட்டுச்செடியாக வளர்கின்றன. உருவம் உண்டு, வாடை உண்டு. சமையலறை கேட்கும் பிசின் அவற்றில் கிடைப்பதில்லை. உண்மையான பெருங்காயச் செடியின் விதை நாட்டில் இல்லை.

தேசியத் தாவர மரபுவளக் கழகத்தின் வழியாக 2018ல் ஈரானிலிருந்து ஆறு வகை விதைகள் வந்து சேர்ந்தன. வெளிநாட்டு விதையோடு வெளிநாட்டு நோயும் வந்துவிடக்கூடாது என்பதால் தனிமைப்படுத்திச் சோதித்த பிறகே பாலம்பூருக்குக் கொடுத்தார்கள். அங்கே அடுத்த தலைவலி. இந்த விதை உறங்குமூஞ்சி. பாலைவன மலையில் பிறந்த விதை, நீண்ட குளிரை அனுபவித்த பிறகே கண் திறக்கும். அதுவும் எல்லாம் திறக்காது. நூறு விதை போட்டால் ஒன்றிரண்டு முளைத்தாலே பெரிது என்ற நிலை. குளிர்சாதன அறையில் வைத்தும், பக்குவம் பார்த்தும் விஞ்ஞானிகள் அதன் தூக்கத்தைக் கலைக்க வேண்டியிருந்தது.

நாற்று கிடைத்தபின் இடம் வேண்டும். செடி கேட்பது குளிர்ந்த வறண்ட காற்று, நீர் தேங்காத மணற்பாங்கான மண், நல்ல வெயில், குறைந்த மழை. அதிக ஈரம் பட்டால் வேர் அழுகிவிடும். மாறாக, கடுங்குளிரில் அது சாவதில்லை, உறங்கிவிடும். இத்தனை நிபந்தனைகளையும் வைத்துக்கொண்டு இந்திய வரைபடத்தில் விரலை ஓட்டினால் அது வந்து நிற்கும் இடங்களில் முதன்மையானது லாஹௌல்-ஸ்பிதி. 2020 ஜூனில் பாலம்பூர் நிறுவனமும் மாநில விவசாயத் துறையும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அக்டோபரில் க்வாரிங்கில் நாற்று மண்ணுக்குள் போனது. பிறகு மண்டி, கின்னௌர் போன்ற மாவட்டங்களிலும் சோதனை வயல்கள் வந்தன.

பயிர்கள் வந்து போன பள்ளத்தாக்கு

மாவட்டத்தின் பரப்பு 13,800 சதுர கி.மீட்டருக்கும் அதிகம். 2011 கணக்கெடுப்பில் மக்கள் 31,564 பேர். சதுர கிலோமீட்டருக்கு இரண்டு பேர். அதே கணக்கெடுப்பில் சென்னையில் 26,000க்கும் அதிகம். இவ்வளவு இடம் இருந்தும் விளைநிலம் கைக்குட்டை அளவுதான். நதிக்கு மேலே, மலைச்சரிவு கொஞ்சம் இளகும் இடங்களில் படிப்படியாக வெட்டிய வயல்கள். மேலேயிருந்து உருகிவரும் பனிநீரைக் கூல் என்று அழைக்கப்படும் சிறு வாய்க்கால்கள் கொண்டுவருகின்றன. வாய்க்காலை ஒட்டி வில்லோ மரங்கள். மண்பூசிய தட்டைக் கூரைகளின் மேல் குளிர்காலத்துக்கான தீவனமும் விறகும். வயல்வேலையில் பெரும்பங்கு பெண்களுடையது. மே மாதம் மண்ணைக் கிளறினால் அக்டோபருக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். ஆண்டுக்கு ஒரே போகம். அதில் தவறினால் அந்த ஆண்டு போயிற்று.

வெளியூரிலிருந்து வந்த செடியை நம்பிப் பிழைப்பது லாஹௌலுக்குப் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கேலாங்கில் குடியேறிய மொரேவியன் பாதிரிமார்கள் உருளைக்கிழங்கைக் கொண்டுவந்தார்கள். அடுத்த நூற்றாண்டின் முதல் பாதியில் காஷ்மீரிலிருந்து குட் வந்தது. தமிழ்நாட்டு நாட்டு மருந்துக் கடையில் கோஷ்டம் என்று கேட்டால் கொடுப்பார்களே, அந்த வேர்தான். மருந்துக்கும் தூபத்துக்கும் சீனா வரை போய், பார்லியும் பக்வீட்டும் தின்றுகொண்டிருந்த பள்ளத்தாக்குக்கு முதல்முறையாகக் கைநிறையக் காசு காட்டியது குட். இதுவும் விதைத்த ஆண்டிலேயே பலன் தரும் பயிரல்ல. வேர் முற்ற இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். ஆக, வேருக்குக் காத்திருக்கும் பொறுமை லாஹௌலின் பழைய தலைமுறைக்குத் தெரிந்த ஒன்றுதான்.

பிறகு குட்டின் சந்தை சரிந்தது. 1960களில் விதை உருளைக்கிழங்கு அந்த இடத்தைப் பிடித்தது. இந்தக் குளிரில் நோய் பரப்பும் அசுவினிப் பூச்சிகள் குறைவு என்பதால் லாஹௌல் விதைக்கிழங்குக்குச் சமவெளியில் நல்ல மரியாதை. விவசாயிகளே கூட்டுறவுச் சங்கம் அமைத்து விற்றார்கள். பீருக்குக் கசப்பு சேர்க்கும் ஹாப்ஸ் கொடியும் வந்தது. இறக்குமதிச் சரக்கோடு போட்டியிட முடியாமல் சுருங்கியது. அடுத்து பட்டாணி. அதற்கடுத்து காலிஃபிளவர், சாலட் கீரை வகைகள். சமவெளியில் வெயில் கொளுத்தும், மழை கொட்டும் மாதங்களில் இங்கே அருமையான காலிஃபிளவர் விளைகிறது. டெல்லிச் சந்தையில் அப்போது போட்டி குறைவு.

இந்த வரிசையில்தான் பெருங்காயம் கடைசியாக வந்து நிற்கிறது. குட்டும் ஹாப்ஸும் வந்து போனதைப் பார்த்த ஊர், புதிய நாற்றை ஆவலோடு வாங்கும். அதே சமயம் கை ஒன்றை பட்டாணி வயலில் வைத்துக்கொண்டுதான் வாங்கும்.

இரண்டு கணக்குகள்

பெருங்காயத்துக்கு ஆதரவான கணக்கு பலமானது. லாஹௌல் விவசாயியின் நிரந்தர எதிரி விலை மட்டுமல்ல, வழி. 2018 செப்டம்பர் கடைசி வாரத்தில் பருவத்துக்கு முன்பே கொட்டிய பனியில் பள்ளத்தாக்கே சிக்கிக்கொண்டது. அறுவடைக்கு நின்ற பயிர்கள் பனியில் புதைந்தன. 2021 ஜூலையில் திடீர் வெள்ளம் ஓடைகளில் பாய்ந்து உயிர்களைக் கொண்டுபோனது. சாலை அறுந்து காய்கறி தேங்கியது. காலிஃபிளவர் காத்திருக்காது. லாரி வராத ஒவ்வொரு நாளும் அது மஞ்சளாகி, பிறகு கறுத்து, மாட்டுக்குப் போகும். பெருங்காயப் பிசின் அப்படியல்ல. சாலை ஒரு மாதம் அடைபட்டாலும் அது மூலையில் அசையாமல் கிடக்கும். ஒரு லாரிக் காய்கறிக்குக் கிடைக்கும் விலையை ஒரு முதுகுமூட்டைச் சரக்கில் தூக்கிக்கொண்டு போய்விடலாம். குளிர்காலத்துப் பனி குறைந்து வாய்க்கால்களில் நீர் மெலியும் ஆண்டுகளில், அதிகத் தண்ணீர் கேட்காத செடி என்ற பெருமையும் சேர்கிறது.

எதிர்க்கணக்கும் அதே அளவு பலமானது. சில பிகா நிலம் வைத்திருக்கும் குடும்பத்துக்கு ஐந்து ஆண்டு என்பது ஐந்து போகம். மகனைச் சண்டீகரில் படிக்கவைக்கும் பணம் ஆண்டுதோறும் அனுப்பப்பட வேண்டும். அது வேருக்குள் சேமிப்பாக இருந்தால் கல்லூரி ஏற்றுக்கொள்ளாது. ஐந்தாம் ஆண்டு வேர் அழுகினால் போவது ஒரு பருவத்து உழைப்பல்ல, ஐந்து ஆண்டு உழைப்பு. பனிச்சரிவும் வெள்ளமும் ஐந்து முறை வந்து போகும் கால அளவு அது. பால் எடுக்கும் கைப்பக்குவமோ ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொண்டது. இங்கே அதை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்த எதிர்க்கணக்கில் இன்னொரு வரியைச் சேர்த்தது சுரங்கப்பாதை. பழைய லாஹௌலில் குளிர்காலம் என்பது தந்தூர் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து கம்பளி பின்னும் காலம். ஜனவரியில் ஹால்டா பண்டிகைக்கு ஜுனிப்பர் சுள்ளிப் பந்தங்களைக் கொளுத்திக்கொண்டு ஊரார் கிளம்புவார்கள். வெளியாள் யாரும் பார்த்ததில்லை. இன்று சுரங்கத்தின் வடக்கு வாசலை அடுத்த சிஸ்ஸுவில், பனி விழுந்த மறுநாளே மைதானத்துக் கார்கள் வரிசை கட்டுகின்றன. நூடுல்ஸ் கடை, வாடகைக்குப் பனிக்கோட்டு, வீட்டோடு தங்கும் விடுதி. வயலில் நாற்று வைத்தால் ஐந்து ஆண்டு. அதே வயலில் நான்கு அறை கட்டினால் அடுத்த சீசனிலேயே வாடகை. காய்கறிக்கும் சுரங்கம் புதுத் தெம்பு கொடுத்திருக்கிறது. ரோதாங்கின் வளைவுகளில் இருமிக்கொண்டு ஏறிய லாரி இப்போது நேராக மணாலிக்கு இறங்கிவிடுகிறது.

ஆக, பெருங்காயத்தைப் பள்ளத்தாக்குக்குப் பொருத்தமாக்கிய காரணம், அதாவது எளிதில் வெளியே போக முடியாத ஊர் என்ற காரணம், நாற்று நடுவதற்குப் பன்னிரண்டு நாள் முன்பே பாதி கரைந்துவிட்டிருந்தது. மீதிப் பாதியை ஒவ்வோர் ஆண்டும் பனிச்சரிவும் வெள்ளமும் நினைவூட்டிக்கொண்டிருக்கின்றன.

கறப்பதா, கன்றுக்கு விடுவதா?

2025ல் பாலம்பூரிலிருந்து ஒரு செய்தி வந்தது. சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த நிறுவனத்தின் வளாகத்தில் பெருங்காயச் செடி பூத்து விதையும் பிடித்தது. லாஹௌலைவிட மிகத் தாழ்வான, மழையும் அதிகமான இடம் அது. ஈரானிய விதையிலிருந்து வந்த செடி இந்திய மண்ணில் தன் வாழ்க்கைச் சக்கரத்தை முழுதாகச் சுற்றி முடித்துவிட்டது என்பதுதான் இதன் பொருள். இனி ஒவ்வொரு விதைக்கும் அயல்நாட்டை எதிர்பார்க்க வேண்டியதில்லை என்ற நம்பிக்கை பிறந்தது.

ஆனால் பூத்த செடி பிசின் தராது என்பதை மறந்துவிடக்கூடாது. பாலைக் கறந்தால் கன்றுக்கு இல்லை; கன்றுக்கு விட்டால் வீட்டுக்கு இல்லை. செடி எண்ணிக்கை பெருக வேண்டுமானால் முதல் தலைமுறைச் செடிகளில் பலவற்றைப் பூக்க விட்டாக வேண்டும். ஐந்து ஆண்டு காத்திருந்து, பிறகு வெட்டாமலும் விடு என்று எந்த விவசாயியிடம் சொல்ல முடியும்? அதனால்தான் விதைக்காகச் செடி வளர்க்கும் வேலையை நிறுவனம் தன் தலையில் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. நாற்றும் பயிற்சியும் அரசுப் பக்கத்திலிருந்து வருகின்றன. நிலமும் ஐந்து ஆண்டும் விவசாயியுடையவை.

வெட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதற்குச் சரித்திரத்தில் ஒரு சாட்சி உண்டு. இன்றைய லிபியாவின் கடற்கரையில் இருந்த கிரேக்க நகரமான சைரீன், சில்ஃபியம் என்ற செடியின் பிசினை விற்றே பணக்கார ஊரானது. நாணயத்திலேயே அந்தச் செடியைப் பொறித்தார்கள். அதுவும் பெருங்காயத்துக்கு நெருங்கிய உறவாகத்தான் இருக்க வேண்டும் என்பது தாவரவியலாளர் பலரின் கருத்து. காட்டில்தான் வளர்ந்தது, பயிரிட வசப்படவில்லை. தன் காலத்தில் கிடைத்தது ஒரே ஒரு தண்டு, அது நீரோ மன்னனுக்கு அனுப்பப்பட்டது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். அதன்பின் ரோமானியர்கள் திருப்திப்பட வேண்டியிருந்தது பாரசீகத்திலிருந்து வந்த மட்டமான மாற்றுச் சரக்கோடு. அந்த மாற்றுச் சரக்குதான் பெருங்காயம்.

காட்டுச்செடியாகவே இருந்தால் தேவை கூடக்கூட வெட்டும் கூடும். விதைக்கு நிற்பது குறையும். பயிராக மாறினால்தான் ஒருவர் வெட்டும்போதே இன்னொருவர் விதைப்பார். லாஹௌலில் நடப்பது இறக்குமதிச் செலவைக் குறைக்கும் முயற்சி மட்டுமல்ல என்று சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

குளிர்காலத்தில் கேலாங் பக்கம் போகிறவர் பெருங்காய வயலைப் பார்க்க ஆசைப்பட்டால் ஏமாந்துபோவார். தண்டி என்ற இடத்தில் சந்திராவும் பாகாவும் கலந்து செனாப் நதியாகப் போவதைப் பார்க்கலாம். பனியில் சறுக்கி விளையாடும் டெல்லிக் குழந்தைகளைப் பார்க்கலாம். வயல் இருக்கும் இடத்தில் வெள்ளை விரிப்பு ஒன்றுதான் தெரியும். அதற்குக் கீழே, யாருக்கும் அவசரமில்லாத ஒரு வேர் கொஞ்சம் பருத்திருக்கும். ஏப்ரலில் பனி உருகியதும் உரிமையாளர் வந்து மண்ணைத் தொட்டுப் பார்ப்பார். இலை எட்டிப் பார்த்தால் இன்னும் ஓர் ஆண்டு விடலாமா, பட்டாணி போட்டுவிடலாமா என்று யோசிப்பார். தெற்கே 2,000 கி.மீட்டருக்கு அப்பால் ரசம் தாளிக்கும் வீடுகளில் அந்த யோசனை யாருக்கும் தெரியப்போவதில்லை. அவர் எடுக்கும் முடிவு மட்டும் என்றோ ஒரு நாள் அங்கே கரண்டியில் பொரியும்.